ஆஸ்பத்திரிக்கு வராதவர் கணக்கு: ஊழல், வறுமை, உடம்பு பற்றி எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் மனு எழுதிக் கொடுப்பது என் பழக்கம். தொழில் என்று சொல்ல முடியாது, டீ வாங்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பேறுகாலப் பணம் வரவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் காசு கேட்டார்கள் என்று ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். மனு எழுத எழுதப் பேச்சு வளரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் 100, 200 கொடுப்பதெல்லாம் ஊழலா? சந்தோஷத்துக்குக் கொடுப்பதுதானே?

என் தங்கைக்கு முதல் பிரசவம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்த ஆயா எங்கள் கையில் கொடுக்கவில்லை. "பையன் பொறந்திருக்கான், சந்தோஷமா பார்த்துச் செய்யுங்க" என்று குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே நிற்கிறார். மச்சான் சட்டைப் பையைத் தடவி 300 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "ஆம்பளப் புள்ளைக்கு இவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டு இன்னொரு 200 வாங்கிய பிறகுதான் குழந்தை கைக்கு வந்தது. பக்கத்துக் கட்டிலில் பெண் குழந்தை, அவர்களுக்கு 200 ரூபாயோடு முடிந்தது. பிறந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் ரேட்டு வித்தியாசம்.

அப்புறம் சக்கர நாற்காலி தள்ளியதற்கு, கட்டில் விரிப்பு மாற்றியதற்கு, வாசலில் உள்ளே விட்டதற்கு என்று எல்லாம் சேர்த்து மூன்று நாளில் 1,100 ரூபாய் போனது. டாக்டர் ஒரு பைசா கேட்கவில்லை, நர்சும் கேட்கவில்லை, சிகிச்சையில் குறையே சொல்ல முடியாது. கேட்டவர்கள் எல்லாரும் காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் சம்பளச் சீட்டில் இருக்கிற தொகை வேறு, கைக்கு வருகிற தொகை வேறு என்று அவர்களில் ஒருவரே என்னிடம் சொன்னார். மேலே ஒருவன் அவர்களிடம் பிடுங்குகிறான், அவர்கள் எங்களிடம் பிடுங்குகிறார்கள். கோபப்பட்டேன், பாவமாகவும் இருந்தது. ஆனால் குழந்தையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு வாங்குகிற காசுக்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, 1,100 ரூபாய் போனால் போகட்டும். அதனால் யாருக்கு நோய் வந்துவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன்.

எங்கள் தெருவில் கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் இருக்கிறார். மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் வள்ளத்தில் போய், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாரிலிருந்து, அதாவது கடலடிப் பாறையிலிருந்து, பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை. ஒரு நாள் பாரில் கால் கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். அக்காவுக்குச் சுகர் உண்டு, காயம் ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினார், மெடிக்கலில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டார், கடலுக்கும் போனார். பதினாறாம் நாள் வாடை தாங்காமல் மகள் கூட்டிக்கொண்டு போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"ஏன்க்கா முதல்லயே போகல?" என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இது. போகவர பஸ், சாப்பாடு இருவருக்கும் 200. அன்றைய கூலி போச்சு, அது ஒரு 500. "அப்புறம் அங்க உள்ளவங்களுக்குக் கையில கொடுக்க ஒரு 300 இல்லாம எப்படித் தம்பி போறது?" யாரும் அவரிடம் 300 கேட்கவில்லை, அவர் அங்கே போகவே இல்லையே. என் தங்கை பிரசவத்துக்கு 1,100 ஆன கதை குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது, அதைக் கேட்டுத்தான் அக்கா மனசுக்குள் ஒரு நுழைவுக் கட்டணம் போட்டு வைத்திருந்தார்.

லஞ்சம் கொடுத்தவர் வயிறெரிந்தாலும் வைத்தியம் பார்த்துக்கொண்டு வீடு வந்துவிடுகிறார். கொடுக்க இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஓபி சீட்டு எத்தனை போட்டார்கள் என்று கணக்கு இருக்கிறது, வராமல் போனவருக்குச் சீட்டு யார் போடுவது? சுகர், பிரஷர், காசநோய், கர்ப்பிணிக்கு ரத்தசோகை, இதெல்லாம் நேரத்துக்குப் போனால் கைக்குள் அடங்குகிற விஷயங்கள். போகாமல் நின்ற நாட்கள்தான் விரலையும் உயிரையும் எடுத்துக்கொள்கின்றன.

மற்ற ஊர்க்காரர்களும் இப்படிக் கையிலிருந்துதான் செலவழிக்கிறார்களா?

நாடு முழுக்க அதுதான் கதை. தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2013-14ல் இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆன மொத்தச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது. 2021-22ல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 நோயாளி வீட்டுக் காசு. அரசு எல்லாம் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செய்கிற செலவு அதே 2021-22ல் நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம், 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று எழுதி வைத்தது. இன்னொன்று, ஆயாவுக்குக் கொடுத்த 300க்கு ரசீது கிடையாது. இந்தக் கணக்கிலெல்லாம் அது ஏறுவது எப்படி?

மீன்பிடிக்கிற ஊரில் காசு புழங்குகிறதே, இங்கே வறுமை எங்கே இருக்கிறது?

வெளியூர்க்காரர்கள் கேட்பது. வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018ல் மத்திய அரசு எடுத்த முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் ராமநாதபுரம் இருக்கிறது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டே மாவட்டம், இன்னொன்று விருதுநகர். காசு புழங்குகிறது, சரிதான், ஆனால் அது சீராக வருவதில்லை. விசைப்படகுக்கு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை. தடை இல்லாத காலத்திலும் காற்று, புயல் எச்சரிக்கை, எல்லைப் பிரச்சினை என்று எத்தனை நாள் படகு கரையில் கிடக்கிறது. கூலிக்குப் போகிறவருக்குப் படகு கிடந்தால் அடுப்பும் கிடக்கும். உப்பளத்தில் மழைக்காலம் முழுக்க வேலை இல்லை. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களுக்குப் புகை மட்டும் மிச்சம்.

இந்த மாதிரி வீட்டில் நோய் வந்தால் என்ன ஆகும் என்றால், முதலில் நகை, பிறகு குழுக்கடன், பிறகு முன்பணம். சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், முன்பணம் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர் உடம்பு தேறுவதற்குள் கடலுக்குப் போயாக வேண்டும், கடன் அப்படி. ஆகஸ்டில் மூட்டு வலி என்றால் மெடிக்கலில் ஊசி போட்டுக்கொண்டு போவார், மே மாதத்தில் அதே வலிக்கு ஊசிக்கும் காசு இருக்காது.

தண்ணீருக்கும் ஊழலுக்கும் என்ன தொடர்பு? இங்கே நிலத்தடி நீர் உப்பு, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

நீர் உப்பாக இருப்பது இயற்கை. அதற்கு மேல் நடப்பதெல்லாம் நம் ஆட்கள் வேலை.

ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது புதுச் சட்டமும் இல்லை. 1939லேயே மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர் ஏற்பாட்டை உள்ளாட்சியின் பொறுப்பாக்கிவிட்டது. 1990களின் கடைசியில் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2009ல் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, திருச்சிப் பக்கம் எடுக்கிற தண்ணீர் குழாயில் நம் கடற்கரைக்கு வருகிறது. நினைத்துப் பார்த்தால் பெரிய காரியம்.

ஆனால் குழாயின் கடைசியில் இருப்பவர்கள் நாம். வழியில் ஒரு இணைப்பு கள்ளத்தனமாக ஏறினால், வால்வு திறக்கிறவரை யாரோ "கவனித்தால்", மோட்டார் ரிப்பேருக்குப் பில் மட்டும் போட்டால், வறண்டு போவது கடைசித் தெரு. எங்கள் தெருவில் கோடையில் ஒரு குடம் 10 ரூபாய். ஒரு வீட்டுக்குக் குடிக்க, சமைக்க ஆறு குடம் வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 1,800 ரூபாய். காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருவில் இருக்கிற வசதியான வீட்டுக்காரர் வருஷத்துக்குக் கட்டுகிற தண்ணீர் வரி அதைவிடக் குறைவு. ஏழைக்குத்தான் தண்ணீர் விலை அதிகம். குடம் வாங்க முடியாதவர்கள் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு மணலில் ஊற்றுத் தோண்டப் போகிறார்கள், கொட்டாங்கச்சியால் கோரிக் கோரி ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும்.

அடுத்து குளோரின். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள் இல்லையா, அது கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ரெண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதை வைத்துப் பார்ப்பார்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்து வைத்தால் வீரியம் போய்விடும். பத்து மூட்டைக்குப் பில் போட்டு ஆறு மூட்டை இறக்கினால், அல்லது போன வருஷத்து மூட்டையை இறக்கினால், தொட்டி ஆபரேட்டர் நோட்டில் "கலக்கப்பட்டது" என்று தினமும் எழுதிக்கொண்டுதான் இருப்பார், கண்ணாடிக் குழாயில் மஞ்சள் மட்டும் வராது. அந்த வாரம் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. யாரும் இதை ஊழல் என்று சொல்ல மாட்டார்கள், "தண்ணி மாறிருச்சு" என்பார்கள்.

தண்ணீர் ஒழுங்காக வராததால் வீட்டுக்கு வீடு பேரல், சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்கிறோம், அதில் டெங்குக் கொசு. கொசுப்புழு பார்க்க வருகிற அக்கா நம் வீட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பில்லை. மூணு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறவரையும் யாராவது திட்டினால் தேவலை.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை தரம் இருக்காது என்கிறார்களே, அதிலும் ஊழல்தானே?

இதில் மட்டும் நான் எதிர்க்கட்சி. மருந்து வாங்குவதில் ஊழலை எப்படி அடைப்பது என்று நாட்டுக்கே காட்டியது தமிழ்நாடுதான். 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். அதன் பிறகு டெண்டர் ஒரே இடத்தில், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கணக்குக்கு ஒரு பாஸ்புக், வந்த மருந்தில் மாதிரி எடுத்துக் கம்பெனி பெயரை மறைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். யார் மருந்து என்று தெரியாதபோது யாருக்குச் சாதகமாக எழுதுவது? அட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருப்பதால் எடுத்துப் போய்க் கடையில் விற்பதும் கஷ்டம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போய் இதே மாதிரி ஆரம்பித்தன.

அதே தமிழ்நாட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் 48.6 சதவீதம். அந்தத் தொழிற்சாலையை முறையாக ஆய்வு செய்யவில்லை என்று மூத்த மருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். வாங்குகிற இடத்தில் காவல் இருந்தது, தயாரிக்கிற இடத்தில் இல்லை. அரசு மாத்திரை மோசம் என்று பயந்து வெளியே வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏர்வாடி தீ விபத்தை ஏன் இந்தப் பேச்சில் இழுக்கிறீர்கள்? அது விபத்துதானே?

2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. எங்கள் மாவட்டத்துத் தர்கா ஊரான ஏர்வாடியில் மனநலம் சரியில்லாதவர்களை வைத்திருந்த ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். எனக்கு அப்போது சின்ன வயசு, பெரியவர்கள் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது நினைவிருக்கிறது.

தீ விபத்து, சரி. சங்கிலி? உரிமம் இல்லாமல் அப்படிப்பட்ட விடுதிகள் ஒன்று இரண்டல்ல, வரிசையாக நடந்தன, ஊருக்கே தெரியும். 1987ல் மனநலச் சட்டம் வந்து 14 வருஷம் ஆகியிருந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்காமல் போவதும் ஊழல்தான், அதற்குக் கை நீட்டியிருக்கத் தேவையில்லை. இன்னொரு பக்கம், பெற்றவர்கள் ஏன் அங்கே கொண்டுவந்து விட்டார்கள்? அரசு மனநலக் காப்பகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில். கூலி வேலை பார்க்கிற வீட்டில் ஒருவரை எந்நேரமும் கூட இருந்து பார்க்க ஆள் கிடையாது. தர்காவில் ஆறுதல் இருந்தது, மருந்து இல்லை. பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, விடுதிகள் மூடப்பட்டன. இப்போது தர்காவுக்குப் பக்கத்திலேயே அரசு மனநல டாக்டர் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது, துஆவும் நடக்கும் மருந்தும் கிடைக்கும். 2017 மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டது.

பேசாமல் தனியாருக்கே போய்விட்டால் என்ன?

வசதி இருந்தால் போங்கள். லஞ்சம் அங்கே பில்லிலேயே சேர்ந்து வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்புகிறார்கள், ஏன் அங்கேயே அனுப்புகிறார்கள் என்று பாருங்கள்.

காசநோய்க்கு மருந்து இலவசம், மாதாமாதம் பணம் வேறு தருகிறார்கள். பிறகும் ஏன் ஆட்கள் பாதியில் விடுகிறார்கள்?

மருந்து ஆறு மாதம். சத்துணவுக்கு 2018லிருந்து மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கு. இது நல்ல வேலை, நடுவில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் கணக்கு முடங்கிக் கிடந்தால், ஆதாரில் பெயர் ஒரு மாதிரி பாஸ்புக்கில் ஒரு மாதிரி இருந்தால் பணம் நிற்கும். அப்புறம் இரண்டாம் மாதம் இருமல் நின்றுவிடும், மங்களூரிலோ கேரளத்திலோ தங்கி மீன்பிடிக்க ஆள் கூப்பிடுவார்கள். ஆறு பேர் நெருக்கியடித்துத் தூங்குகிற படகில் பாதி மருந்தோடு ஒருவர் ஏறினால் மற்ற ஐந்து பேரின் கதி என்ன? போகிற ஊரிலேயே மருந்து வாங்கிக்கொள்ள மாற்றித் தருவார்கள், கிளம்புமுன் கேட்டால் போதும்.

காப்பீட்டு அட்டை, பேறுகாலப் பணம் வாங்கக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்று சான்று வேண்டும். ஏழை என்று எழுதி வாங்குவதற்கு ஏழையிடமே 500 கேட்பது இந்த நாட்டில் மட்டும்தான் நடக்குமா தெரியவில்லை. பேறுகாலப் பணம் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000, அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அதைத் தவணையாகத் தருவது வேளாவேளைக்குப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதற்காக. "நான் பார்த்துச் சொல்றேன், வந்ததும் 1,000 கொடுத்துருங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் கணினியில் போகிறது, அவர் பார்த்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பிக்மி நம்பரையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற எண்) பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு நர்சம்மாவிடம் போங்கள்.

மெடிக்கல் காலேஜே வந்துவிட்டது, இனி என்ன குறை?

2022 ஜனவரி 12ல் திறந்த பதினொரு கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. முன்னே எதற்கெடுத்தாலும் "மதுரைக்குக் கொண்டு போங்க" என்பார்கள், அது குறையும். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து அது 55 கிலோமீட்டர். பாசி எடுக்கிற அக்காவுக்கு அந்த 55 கிலோமீட்டருக்கு முன்னாலேயே, மனசுக்குள் ஒரு 300 ரூபாய் வாசல் இருக்கிறதே.

லஞ்சம் கொடுத்தேன் என்று சொன்னால் என் மேலேயே கேஸ் வருமா?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் இன்னும் நல்லது, அவர்களே ரசாயனப் பவுடர் தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள், வாங்கினவர் கையைக் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாகும். ஆயாவைப் பிடித்துக் கொடுக்க எனக்கு ஆசை இல்லை. அவர் சம்பளத்தில் கை வைக்கிற காண்ட்ராக்டரைத்தான் ஒருநாள் அந்தக் கரைசலில் கையை விடச் சொல்ல வேண்டும்.

என் பெயர் வராமல் மனு எழுதித் தருவீர்களா?

மொட்டைக் கடுதாசி எழுத மாட்டேன், அதைப் படிக்காமலே கிழித்துவிடுவார்கள். தனியாகப் பெயர் போட பயமாக இருந்தால் பத்துப் பேராகக் கையெழுத்துப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது இன்னும் அமைதியான வழி: 10 ரூபாய், 30 நாளில் பதில். "லஞ்சம் வாங்குகிறீர்களா?" என்று கேட்டால் பதில் வராது. "எங்கள் ஊராட்சிக்குப் போன வருஷம் பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ, எந்தத் தேதியில், எந்தக் கடையில் வாங்கப்பட்டது, பில் நகல் தரவும்" என்று கேட்டால் வரும். போன கோடையில் இதை ஒரு ஊருக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் வருவதற்கு முன்னாலேயே புது மூட்டை வந்து இறங்கியது.

வரும்போது ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டு வாருங்கள். மருந்து வாங்கியதும் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள், தேதி அதில்தான் இருக்கிறது.